சுமைகூலி முக்கால் பணம்

போன மாதம் அலுவலகத்தில் காபி இயந்திரத்துக்குப் பக்கத்தில் ஒரு தம்பி என்னைப் பிடித்துக்கொண்டான். கோயம்புத்தூர்க்காரன். டல்லாஸுக்கு வந்து இரண்டு வருடம் ஆகிறது. குடியிருப்புக் குளத்தில் பொழுதுபோகாமல் தூண்டில் போட ஆரம்பித்தவன், இப்போது திங்கட்கிழமை காலையிலேயே சனிக்கிழமை வானிலையைப் பார்க்கிறான். "அண்ணா, நீங்க பாஸ் டோர்னமென்ட்டெல்லாம் போயிருக்கீங்கன்னு சொன்னாங்க. நானும் சேரலாம்னு இருக்கறன். போடற காசுக்கு வொர்த்தாங்ணா?"

வீட்டில் ஒரு நோட்டு இருக்கிறது, பார்த்துச் சொல்கிறேன் என்றேன். தட்டிக்கழிக்கிறேன் என்று நினைத்திருப்பான். நிஜமாகவே நோட்டு இருக்கிறது.

அப்பா சிங்கம்புணரியில் ஒரு மளிகை மண்டியில் முப்பது வருடம் கணக்கு எழுதியவர். வீட்டுக் கணக்குக்கும் பிள்ளையார் சுழி போட்ட தனி நோட்டு வைத்திருந்தார். தீப்பெட்டி ஒன்று வாங்கினாலும் அதில் ஏற வேண்டும். அந்தப் பழக்கம் எனக்கு வேறு எதிலும் ஒட்டவில்லை. வீட்டுக் கடன், மின்சாரம் எல்லாம் வங்கியிலிருந்து தானாகப் போகிறது. எவ்வளவு என்று யாராவது கேட்டால் மனைவி முகத்தைப் பார்ப்பேன். மீன் கணக்கை மட்டும் எழுதினேன். 2012 மார்ச் முதல் 2017 அக்டோபர் வரை, நீல அட்டை போட்ட நோட்டு. இடப்பக்கம் செலவு, வலப்பக்கம் வரவு. பிற்பாடு வலப்பக்கங்களில் மனைவி மளிகைச் சாமான் பட்டியல் எழுத ஆரம்பித்தாள். அவ்வளவு இடம் அங்கே காலியாகக் கிடந்தது.

பாஸ் என்று சும்மா சொன்னாலும் இங்கே லார்ஜ்மவுத் பாஸைத்தான் சொல்கிறார்கள். பச்சை உடம்பு, விலாவில் ஒரு கருங்கோடு, கண்ணைத் தாண்டிக் கிழிந்த வாய். நம் விராலின் குணத்தில் பாதி இதற்கு உண்டு. செடி ஓரத்திலும் முழுகிய கட்டை அடியிலும் பதுங்கிக் கிடந்து பாயும். வசந்தத்தில் தண்ணீர் சூடேறியதும் கரையோரம் வாலால் குழி பறித்து முட்டையிடும். குஞ்சு பொரிந்து நீந்தும்வரை ஆண் மீன் பட்டினியாகக் காவல் நிற்கும். தின்பதற்கும் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் போட்டிக்கு வரும் ஆட்கள் தின்பதில்லை. பிடித்து, தண்ணீர்த் தொட்டியில் உயிரோடு வைத்திருந்து, சாயங்காலம் நிறுத்து, திரும்ப ஏரியிலேயே விட்டுவிடுவார்கள்.

இதை அப்பாவிடம் தொலைபேசியில் சொன்னபோது, பிடித்த மீனை ஏன் விடுகிறாய் என்றுதான் கேட்பார் என்று எதிர்பார்த்தேன். "விடுறது சரிப்பா. கோயில் ஊரணி மீனையும்தான் யாரும் தொடுறதில்ல. நிறுத்துப் பாத்துட்டு விடுறன்னு சொல்றியே, அதுதான் வெளங்கல. விக்காத சரக்க எதுக்குத் தராசுல வைக்கிற?"

மண்டிக் கணக்குப்பிள்ளை வேறு எதைக் கேட்பார்?

அந்தத் தராசை வைத்தவர் ரே ஸ்காட். அலபாமாவில் இன்சூரன்ஸ் விற்றுக்கொண்டிருந்தவர். 1967 ஜூனில் ஆர்கன்சாவின் பீவர் ஏரியில் 106 பேரைத் திரட்டி, தலைக்கு 100 டாலர் வாங்கிப் போட்டி நடத்தினார். ஸ்டான் ஸ்லோன் என்பவர் ஜெயித்து 2,000 டாலர் கொண்டுபோனார். அன்றைய 100 டாலர் இன்றைக்கு 900க்கும் மேல். ஏதோ கிராமத்துப் பொழுதுபோக்கு பின்னால் பணக்கார விளையாட்டாகிவிட்டது என்று பழைய ஆட்கள் அலுத்துக்கொள்வதை நிறையக் கேட்டிருக்கிறேன். முதல் நாளே அது மலிவாக இல்லை. 1972இல் மீனைக் கொல்லாமல் விடும் முறையையும் ஸ்காட்தான் போட்டிகளில் பரப்பினார். அதற்கு முன் எடை போட்டதோடு சரி, மீன் செத்துத்தான் கிடக்கும்.

நான் சேர்ந்தது பெரிய அமைப்பு எதிலும் இல்லை. முப்பது பேர் கொண்ட உள்ளூர் கிளப். மாதம் ஒருமுறை ஒரு பார்பெக்யூ கடையின் பின்னறையில் கூட்டம். கிளப்பில் இரண்டு சாதி: படகு இருப்பவர், இல்லாதவர். சீட்டுக் குலுக்கி ஒவ்வொரு படகுக்காரரோடும் ஒரு படகில்லாதவரைச் சேர்ப்பார்கள். முன்னால் நின்று மின்மோட்டாரைக் காலால் மிதித்துப் படகை நகர்த்துவது படகுக்காரர் உரிமை. பின்சீட்டுக்காரனுக்கு அவர் வீசி முடித்த தண்ணீர்தான். கல்யாணப் பந்தியில் கடைசி வரிசையில் உட்கார்ந்தவனுக்கு வரும் பாயசம் மாதிரி.

முதல் போட்டி 2012 மார்ச்சில், டென்டனுக்கு வடக்கே ரே ராபர்ட்ஸ் ஏரியில். விடிவதற்கு முன் துறையில் டிரெய்லர் விளக்குகள் வரிசையாக நின்றன. ஒருவர் ஒலிபெருக்கியில் ஜெபம் சொன்னார். எல்லாரும் தொப்பியைக் கழற்றினார்கள். நான் குரங்குக் குல்லாயைக் கழற்றினேன். எனக்கு வாய்த்தவர் அறுபது தாண்டிய ஒரு கிழவர், குழாய் வெல்டிங் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். என் பெயரை இரண்டு முறை சொல்லிப் பார்த்துவிட்டு, முதல் எழுத்தோடு நிறுத்திக்கொண்டார். இன்றுவரை அவருக்கு நான் ஓர் எழுத்துதான்.

படகு எண்ணைக் கூப்பிட்டதும் கிழவர் உயிர்க்கவசத்தில் ஒரு சிவப்புக் கயிற்றை மாட்டிக்கொண்டார். அவர் தண்ணீரில் விழுந்தால் கயிறு இழுபட்டு இன்ஜின் நின்றுவிடும். "நான் விழுந்தா படகு நிக்கும். நீ விழுந்தா நிக்காது, நல்லாப் புடிச்சுக்க" என்றார். மணிக்கு 65 மைல் வேகம். குளிரில் கண்ணீர் காதுப் பக்கமாக ஓடியது.

ஆளுக்கு ஐந்து மீன். 14 அங்குலத்துக்குக் குறைந்தது கூடாது. செத்த மீனுக்குக் கால் பவுண்டு கழிவு. நேரம் தவறி வந்தால் நிமிடத்துக்கு ஒரு பவுண்டு போய்விடும். இதெல்லாம் எனக்குத் தேவைப்படவில்லை, ஒரு மீன்கூடக் கடிக்கவில்லை. கிழவர் நாலு பிடித்திருந்தார். மதியம் கடலை வெண்ணெய் தடவிய ரொட்டியில் பாதியைக் கொடுத்துவிட்டு, என் தூண்டில் நரம்பை அறுத்துப் புதிதாகக் கட்டித் தந்தார். முக்கால் அவுன்ஸ் ஈயம், ஒரு கண்ணாடி மணி, ஒரு சுழலி, அதற்குப் பின்னால் மூன்று அடி நரம்பு விட்டுக் கடைசியில் பிளாஸ்டிக் புழு. கரோலைனா ரிக் என்று பெயர். "மீனை மற. தூக்கிப் போட்டுட்டுத் தரையை மட்டும் தடவிக்கிட்டே வா. என்ன இருக்குன்னு எனக்குச் சொல்லு."

சேற்றில் ஈயம் பிசினில் மாட்டியதுபோல் வந்தது. சரளையில் கையில் தட்டிக்கொண்டே வந்தது. ஒரு கட்டையில் ஏறி, நின்று, விழுந்தது. இருபது அடி ஆழத்தில் கிடப்பது நரம்பு வழியாக விரலுக்கு வந்துகொண்டிருந்தது. சின்ன வயதில் கண்மாயில் கண்ணை மூடிக்கொண்டு காலால் துழாவிக் கிளிஞ்சல் எடுத்த நினைவு வந்தது. சேறு முடிந்து சரளை தொடங்கும் இடத்தைச் சரியாகச் சொன்னதும் கிழவர் படகை நிறுத்தினார். "அங்கதான் நிக்கும். இன்னைக்கு இல்லாட்டி இன்னொரு நாள்" என்றார்.

அந்த நாளைக்கு நோட்டில் இருப்பது: நுழைவு 30, படகுக்காரருக்குப் பெட்ரோல் காசு 35, என் காருக்கு 18. வழிகாட்டி ஒருவரைக் கூலிக்கு அமர்த்தினால் அப்போதே நாளுக்கு 400 டாலர் பக்கம் ஆகும். அவர் உங்களுக்கு மீன் பிடித்துத் தருவாரே தவிர, தரையைத் தடவச் சொல்ல மாட்டார். சொன்னால் மறுமுறை நீங்கள் அவரைக் கூப்பிட மாட்டீர்களே.

பின்சீட்டில் இரண்டு பருவம் இருந்தேன். வருடத்துக்கு ஒன்பது போட்டி. சந்தா, நுழைவு, பெட்ரோல் காசு, உரிமம், புழு பொட்டலங்கள் எல்லாம் சேர்த்து வருடத்துக்குச் சுமார் 1,275 டாலர். ஜெயித்தது இரண்டு வருடத்திலும் சேர்த்து 255. ஒன்பது வெவ்வேறு ஆட்களின் படகில் நின்று, ஒவ்வொருவரும் ஒரே ஏரியை வெவ்வேறு விதமாகப் பார்ப்பதைப் பார்த்தேன். ஒருவர் காற்று அடிக்கும் கரைக்கே போவார், ஒருவர் காற்றைக் கண்டாலே ஓடுவார். ஒரு பள்ளிக்கூட பஸ் ஓட்டுநர் நாள் முழுக்க ஒரே பாலத்தடியில் நின்றார், இரண்டாம் பரிசு வாங்கினார், அவரோடு இருந்ததால் நானும் பின்சீட்டுப் பிரிவில் 180 டாலர் வாங்கினேன். சனிக்கிழமை காலை மழையும் குளிருமாக இருந்தால் நானாக எழுந்து போயிருக்க மாட்டேன். காசு கட்டிவிட்டேனே என்றுதான் போனேன். அப்படிப் போன நாட்களில்தான் அதிகம் தெரிந்துகொண்டேன்.

அத்தோடு நின்றிருக்கலாம்.

2014 ஜனவரியில் படகு வாங்கினேன். பழையதுதான், 19 அடி ஃபைபர் படகு, 175 குதிரைத்திறன் இன்ஜின், 14,500 டாலர். முன்சீட்டில் நின்றிருந்தால் அந்த 180 டாலர் 500 ஆகியிருக்கும் என்று ஒரு கணக்கு மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. மனைவியிடம் மூன்று வருடத்தில் பாதிப் பணம் பரிசிலேயே திரும்பிவிடும் என்றேன். சொல்லும்போது நம்பித்தான் சொன்னேன்.

படகு என்பது தனியாக வருவதில்லை. என் கார் அதை இழுக்காது, ட்ரக் வேண்டும். எங்கள் குடியிருப்போர் சங்க விதிப்படி வீட்டு முன்னால் படகு நிறுத்தக் கூடாது, அதனால் ஒரு கிட்டங்கியில் மாதம் 75 டாலர் வாடகை. நாலு வருடத்தில் அதுவே 3,600 ஆயிற்று. பேட்டரி ஒன்றல்ல, மூன்று. டிரெய்லர் டயர் ஓடித் தேய்வதைவிட வெயிலில் நின்றே வெடித்துப்போகும். முழு வேகத்தில் இன்ஜின் மணிக்குப் பதினைந்து காலனுக்கு மேல் குடிக்கும். படகு இருக்கிறது என்றால் போட்டிக்கு முந்தைய வாரம் ஏரியைப் பார்த்துவர வேண்டும், அதற்கும் பெட்ரோல். தொலைவான ஏரி என்றால் மோட்டல். பின்சீட்டுக்காரனாக இருந்தபோது இரண்டு ராடு போதுமாக இருந்தது. படகின் தளத்தில் பன்னிரண்டு ராடுகளை வரிசையாகப் படுக்க வைத்திருப்பவர்களைப் பார்த்துப் பார்த்து எனக்கும் பன்னிரண்டு ஆனது. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்று அம்மா எதற்கெடுத்தாலும் சொல்வாள். அம்மாவிடம் படகு விஷயத்தைச் சொல்லவில்லை.

பரிசுப் பணம் எப்படிப் பிரிகிறது என்பதையும் அந்தத் தம்பிக்குச் சொல்ல வேண்டும், முதல் வருடம் நானே சரியாக யோசித்துப் பார்க்கவில்லை. நான் போன இருவர் குழுப் போட்டி ஒன்றை எடுத்துக்கொள்வோம். 40 படகு, படகுக்கு 140 டாலர்: மொத்தம் 5,600. நடத்துபவர் செலவுக்கு 800 எடுத்துக்கொள்வார், அதில் தப்பில்லை, அவரும் நாலு மணிக்கே எழுந்து வந்தவர்தான். மிச்சம் 4,800 எட்டுப் படகுகளுக்கு. முதல் படகுக்கு 2,000. எட்டாவது படகுக்கு அநேகமாகக் கட்டிய காசு திரும்பும். நாற்பது படகுக்காரர்களும் சமமான கைகாரர்கள் என்றே வைத்தாலும் சராசரியாகப் படகுக்கு 20 டாலர் நஷ்டம். பெட்ரோலும் ஐஸும் கணக்கில் வராமலேயே. ஆனால் யாரும் சமமில்லை. அந்த எட்டில் ஐந்து படகு எப்போதும் அதே ஐந்து படகுதான். வாரத்தில் நாலு நாள் தண்ணீரில் கிடப்பவர்கள் அவர்கள். மற்ற முப்பத்தைந்து படகுக்காரர்களும் மிச்ச மூன்று இடத்துக்கு அடித்துக்கொள்வோம்.

ஒருமுறை, ஒரே ஒருமுறை, அந்த முதல் 2,000 எங்களுக்கு வந்தது. கூட்டாளியோடு பிரித்தால் ஆளுக்கு ஆயிரம். வருமானத்தில் காட்டி வரி கட்ட வேண்டும் என்றார் கணக்காளர். நஷ்டத்தைச் சம்பளத்தில் கழிக்கலாமா என்று கேட்டேன். பொழுதுபோக்கு நஷ்டத்துக்கு அப்படி வழியில்லை என்றார். சட்டம் என்னைப் பற்றித் தெளிவாக இருந்தது, எனக்குத்தான் குழப்பம்.

நுழைவுப் படிவத்தில் ஒரு வரி இருக்கும்: ஜெயித்தால், கேட்கும்போது பொய்யறியும் சோதனைக்கு உட்படச் சம்மதம். முதன்முறை கையெழுத்திடும்போது சிரிப்பு வந்தது. டெக்சஸில் மீன்பிடிப் போட்டியில் ஏமாற்றுவது தனிக் குற்றம். பரிசு 10,000 டாலரைத் தொட்டால் சிறைக்குப் போகிற அளவுக்கான குற்றம். 2022இல் கிளீவ்லாண்டில் வால்ஐ மீன் போட்டி ஒன்றில் எடைமேடையிலேயே மீனின் வயிற்றைக் கிழித்து ஈயக் குண்டுகளை எடுத்த காணொளி உலகம் முழுக்கச் சுற்றியது. சிங்கம்புணரியிலிருந்து மைத்துனர்கூட அனுப்பினார். அங்கே அன்றைய பரிசு ஏறக்குறைய 29,000 டாலர். எல்லாரும் அந்த ஆட்களைத் திட்டினார்கள், நானும் திட்டினேன். 140 டாலர் போட்டியில்கூட எட்டாம் இடத்துக்கும் ஒன்பதாம் இடத்துக்கும் நடுவில் இரண்டு அவுன்ஸ் குறைந்து நின்றபோது என் மனதில் என்னவெல்லாம் ஓடியது என்பது நோட்டில் இல்லை.

நல்லதையும் சொல்ல வேண்டும். 2015 கோடையில் கிழக்கே போகும் நெடுஞ்சாலையில் அதிகாலை மூன்றரைக்கு என் டிரெய்லர் சக்கரத்தின் பேரிங் தீய்ந்து புகை வந்தது. பின்னால் வந்த வண்டி நின்றது. அதே போட்டிக்குப் போகிறவர், நான் சொன்ன அந்த ஐந்து படகில் ஒருவர், என்னோடு அதுவரை இரண்டு வார்த்தை பேசியதில்லை. தன் கருவிப்பெட்டியிலிருந்து புது பேரிங்கை எடுத்து, தரையில் மல்லாந்து படுத்து, கிரீஸ் அப்பிய கையோடு மாட்டிக் கொடுத்தார். நாங்கள் போய்ச் சேரும்போது படகுகள் கிளம்பி ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. அன்று அவர் எட்டுக்குள் வரவில்லை. பேரிங் காசை வாங்கவும் மறுத்துவிட்டார். அடுத்த போட்டியிலும் என்னோடு இரண்டு வார்த்தைக்கு மேல் பேசவில்லை.

2016 பங்குனியில் ஊருக்குப் போயிருந்தேன். பக்கத்துக் கிராமக் கண்மாயில் தண்ணீர் வற்றி மீன்பிடித் திருவிழா. கரையில் ஆயிரம் பேருக்கு மேல், கையில் ஊத்தா, கச்சா, பரி. ஊர்ப் பெரியவர் ஒருவர் வெள்ளைத் துண்டை வீசியதும் மொத்தக் கூட்டமும் சேற்றுத் தண்ணீரில் இறங்கியது. எங்கள் டெக்சஸ் துறையில் படகு கிளப்புவது இதன் முன்னால் ஒன்றுமே இல்லை. ஒரு பாட்டி ஊத்தாவைக் குத்தி, மேல் வாய் வழியாகக் கையை விட்டு, விரால் ஒன்றை வெளியே இழுத்தாள். என் வாய் தானாகச் சொன்னது: "மூணேமுக்கால் பவுண்டு." பாட்டி திரும்பிப் பார்த்தாள். "என்னய்யா, வெலையா சொல்ற? இது விக்கிறதில்ல. வீட்டுக்கு எட்டுப் பேரு, கொழம்புக்குக் காணும்" என்று கூடையில் போட்டுக்கொண்டு போய்விட்டாள். பக்கத்தில் நின்ற அப்பா ஒன்றும் சொல்லவில்லை. வீடு திரும்பும் வழியில் பஸ்ஸில், "கண்ணு தராசாயிருச்சா?" என்று மட்டும் கேட்டார்.

லேக் ஃபோர்க்குக்கு வருகிறேன். டல்லாஸுக்குக் கிழக்கே ஒன்றரை மணி நேரப் பயணம். 1980இல் அணை மூடி உருவாக்கிய 27,000 ஏக்கர் ஏரி. காட்டை முழுதாக வெட்டாமலே தண்ணீரை விட்டதால் மொட்டை மரங்கள் இன்றும் நீருக்கு மேலே நிற்கின்றன. ஏரி நிரம்புவதற்கு முன்பே அரசு மீன்துறை புளோரிடா வகைப் பாஸ் குஞ்சுகளை அந்தப் பள்ளத்துக் குட்டைகளில் விட்டு வளர்த்தது. நான் போட்டிகளுக்குப் போன காலத்தில் டெக்சஸின் முதல் 50 பெரிய பாஸ் பட்டியலில் பாதிக்கு மேல் இந்த ஒரே ஏரியில் பிடிபட்டவை. மாநில சாதனையான 18.18 பவுண்டு மீனும் 1992 ஜனவரியில் இங்கே பிடிபட்டதுதான். அதைப் பிடித்தவர் போட்டிக்கு வந்தவரில்லை, பாஸுக்கே வந்தவரில்லை. கிராப்பி என்ற சின்ன மீனுக்காக உயிர்க்குஞ்சை மாட்டிப் போட்டிருந்தவர்.

பெரிய மீனைக் காப்பாற்ற இந்த ஏரிக்கென்று தனி விதி உண்டு. 16 அங்குலத்துக்கு மேல் 24க்குள் இருக்கும் பாஸை வைத்துக்கொள்ளக் கூடாது, பிடித்த இடத்திலேயே விட்டுவிட வேண்டும். இதனால் இங்கே நடக்கும் போட்டிகளுக்கு ஒரு விசித்திரம் வந்துவிடுகிறது. மணிக்கு ஒருமுறை கனத்த மீனுக்குப் பரிசு. ஆனால் எடைமேடைக்குக் கொண்டுவரக் கூடியது 16 அங்குலத்துக்கு உட்பட்டது, அல்லது 24ஐ எட்டிய அபூர்வம். ஆகவே பூதங்கள் வாழும் ஏரியில் நூற்றுக்கணக்கானவர்கள் நாள் முழுக்கத் தேடுவது, பதினாறுக்கு மயிரிழை குறைந்த, வயிறு பெருத்த ஒரு இரண்டேமுக்கால் பவுண்டு மீனை.

2017 ஏப்ரல். என் படகில் முன்னால் நான், பின்னால் அந்தக் கிழவர். தோள் அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு தன் படகை விற்றுவிட்டு, இப்போது அவர் பின்சீட்டு. பதினோரு மணிக் கணக்கு முடிய இருபது நிமிடம் இருந்தது. மொட்டை மரம் ஒன்றின் அடியில் ஜிக் என்ற செயற்கை இரையை, கருநீலத்தில் ஒன்றை, இறக்கினேன். அது தரையைத் தொடவில்லை. தொட வேண்டிய நேரம் கடந்தும் நரம்பு பக்கவாட்டில் நகர்ந்துகொண்டிருந்தது. இழுத்ததும் ராடு நுனி தண்ணீருக்குள் போயிற்று. மரத்தைச் சுற்றி ஒருமுறை போனது, கிழவர் மின்மோட்டாரைப் பிடுங்கிப் படகைத் திருப்பினார். அது மேலே வந்து வாயைத் திறந்து தலையை உலுக்கியபோது உள்ளே என் கைமுட்டி போயிருக்கும். வலையில் எடுத்ததும் கிழவர் ஒரு சத்தம் போட்டார், அந்த வயதில் அவரிடமிருந்து அப்படியொரு சத்தம் வரும் என்று எனக்குத் தெரியாது.

அளவுகட்டையில் படுக்க வைத்து வாயை மூடி வாலைக் கூட்டிப் பிடித்தேன். இருபத்து மூன்றேகால்.

மறுபடி வைத்தேன். வாலை இன்னும் இறுக்கி நீட்டினேன். இருபத்து மூன்றேகால். இன்னும் முக்கால் அங்குலம் இருந்தால் அந்த மணி நேரம் மட்டுமல்ல, அன்றைய நாளே என்னுடையது. மூன்றாம் முறை வைத்தபோது கிழவர் என் மணிக்கட்டைத் தொட்டார். "அது மூச்சு விடட்டும்" என்றார். செவுள் திறந்து மூடிக்கொண்டிருந்ததை அப்போதுதான் பார்த்தேன். தமிழில் ஒரு கெட்ட வார்த்தை சொன்னேன், மீனைப் பார்த்து. படகு ஓரமாக விட்டேன் என்று எழுத ஆசை, போட்டேன் என்பதுதான் சரி. கையைத் துடைத்துக்கொண்டு, கிழிந்த ஜிக்கை அறுத்துப் புதிது கட்ட ஆரம்பித்தேன்.

"ஒரு படம்கூட எடுக்கலையே" என்றார் கிழவர்.

"இன்னும் பன்னிரண்டு நிமிஷம் இருக்கு."

அவர் தன் ராடைத் தளத்தில் வைத்துவிட்டு, குளிர்ப்பெட்டி மேல் உட்கார்ந்து, மீன் போன இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பன்னிரண்டு நிமிடமும் அவர் வீசவில்லை. நான் வீசினேன். ஒன்றும் கடிக்கவில்லை.

அக்டோபரோடு நிறுத்திக்கொண்டேன். படகு 9,800க்குப் போயிற்று. நாலு பருவம், 52 போட்டி. படகில் விழுந்த நஷ்டம், கிட்டங்கி, காப்பீடு, நுழைவு, பெட்ரோல், பழுது, சோனார் திரை, மோட்டல், தூண்டில் சாமான் எல்லாம் கூட்டினால் 30,160 டாலர். என் பங்குக்கு வந்த பரிசு 2,385. போட்டிக்கு 534 டாலர் கைவிட்டுப் போயிருக்கிறது. கூட்டிக் கழித்து மனைவியிடம் காட்டினேன். "ட்ரக் எங்கங்க? காய்கறி ஏத்தவா வாங்குனீங்க? அதையும் எழுதுங்க" என்றாள். எழுதவில்லை. இப்போது செலவு இன்னும் ஏறியிருக்கிறது. 2018இல் கார்மின் லைவ்ஸ்கோப் வந்த பிறகு முன்னால் நிற்கும் மீனைத் திரையில் நேரலையாகப் பார்க்கிறார்கள், அது இல்லாதவன் அந்த ஐந்து படகுகளோடு மோதுவது கடினம்.

திங்கட்கிழமை அந்தத் தம்பியைக் கூப்பிட்டு உட்கார வைத்தேன். பின்சீட்டில் சேர், இரண்டு வருடம், அதற்கு முன் படகு விளம்பரம் எதையும் திறக்காதே என்றேன். பெட்ரோல் காசைக் கேட்பதற்கு முன் கொடு, கூடவே இரண்டு பேருக்குச் சாப்பாடு கொண்டுபோ, எலுமிச்சை சாதம் எல்லாருக்கும் பிடிக்கிறது. அந்த 1,275 டாலர் தகும், ஒரு சென்ட் விடாமல் தகும். அதற்கு அப்புறம் செலவழிப்பது ஜெயிப்பதற்காக என்றால் தகாது. ஜெயிப்பதற்காக இல்லை என்று நீ சொல்வாய், நானும் சொன்னேன்.

கவனமாகக் கேட்டுக்கொண்டான். எழுந்து போகும்போது, "நீங்க புடிச்சதுலயே பெருசு எத்தன பவுண்டுங்ணா?" என்றான்.

எட்டு இருக்கும் என்று கிழவர் இன்றும் சொல்கிறார். ஏழரை என்று நான் நினைக்கிறேன். படகில் கைத்தராசு இருந்தது, கை நீட்டினால் எட்டும் தூரத்தில். நோட்டைப் பார்த்துச் சொல்கிறேன் என்று அவனை அனுப்பிவிட்டு, அன்று ராத்திரி அந்தப் பக்கத்தைத் திருப்பினேன். இடப்பக்கம்: நுழைவு 110. பெட்ரோல் 71. ஐஸ் 4. ஜிக் மூன்று, 13. வலப்பக்கத்தில் துவரம் பருப்பு, பெருங்காயம், கோதுமை மாவு. அதற்கு மேலே, பக்கத்தின் தலைப்பில், என் கையெழுத்து.

மீன்: இல்லை.